மெழுகில் ஒரு சின்னத் துண்டு

கோடை வந்துவிட்டால் எங்கள் கடைக்கு நல்ல காலம். வெயிலில் வண்டிகள் கொதிக்கும், ரேடியேட்டர்கள் ஓட்டையாகும், ஓட்டுநர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். வண்டிக்கு அடியில் படுத்து ரேடியேட்டரைக் கழற்றுவது என் வேலை. அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, உள்ளே காற்றடித்து, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்து ஈயம் வைத்து அடைப்பது அத்தான் வேலை. மடங்கிப்போன மெல்லிய தகடுகளை இரும்புச் சீப்பால் வரிவரியாக நிமிர்த்துவது அக்கா வேலை. தலை சீவுவதுபோல அவ்வளவு பொறுமையாகச் செய்வாள். பொறுமையெல்லாம் தகட்டோடு சரி. மனிதர்களிடம் கிடையாது.

அத்தானைத் தெருவில் பட்டாளத்தார் என்பார்கள். பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். துப்பாக்கியைவிட ஸ்பேனரைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறார், ஆனாலும் அந்த நடை போகவில்லை. டீ வாங்கப் போனாலும் அணிவகுப்புக்குப் போகிற மாதிரிதான் போவார். அவருக்கும் அக்காவுக்கும் ஒரே மகள். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசாங்க ஆஸ்பத்திரியில், கொள்முதல் பிரிவில் அதிகாரி. பஞ்சு முதல் படுக்கைவரை எதை யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்று டெண்டர் விட்டு முடிவு செய்கிற இடம் அது. வெங்காயம் வாங்கப் போனாலும் மூன்று கடையில் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவாள் என்பதால் அவளுக்கு வீட்டில் டெண்டரம்மா என்று பெயர். வைத்தது அத்தான்தான்.

அந்தக் கோடையில் அத்தான் அடிக்கடி ஒண்ணுக்குப் போக எழுந்துகொண்டிருந்தார். "வயசானா எல்லாருக்கும்தான்" என்று தட்டிக்கழித்தார். அக்கா விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு புராஸ்டேட் சுரப்பியில் ஊசி இறக்கித் தசை எடுத்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. அன்றைக்கு டாக்டரம்மா அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் போனோம். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இதுல ரெண்டு வகை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு அது பாட்டுக்கு ஒரு மூலைல கிடக்கும். ஆயுசு முழுக்க உங்களைத் தொந்தரவு பண்ணாது. இன்னொண்ணு பரவும். உங்களோடது நடுவுல நிக்குது. மைக்ராஸ்கோப்புல பாத்து மட்டும் அடிச்சுச் சொல்ல முடியல."

"அறுத்துட்டா?"

"அறுத்துடலாம். ஆனா அறுத்த பிறகு சில பேருக்கு மூத்திரம் நிக்காது. கொஞ்ச நாளைக்கா, காலத்துக்குமான்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. சும்மா கிடக்கிற நோயை அறுத்துட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது பாருங்க. உங்ககிட்ட எடுத்த தசையில இருக்கிற ஜீனைப் படிச்சுப் பாத்து, இது எந்த வகைன்னு சொல்ற பரிசோதனை ஒண்ணு இருக்கு. அதைப் பண்ணிட்டா எனக்குத் தெளிவாயிடும்."

"பண்ணிடுங்க."

"இங்க கிடையாது. வெளி லேபுக்குத்தான் அனுப்பணும். அதுக்கு அரசாங்கம் போட்டிருந்த ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. புது டெண்டர் நடந்துட்டு இருக்கு. கையெழுத்தானதும் முதல் தடவையிலயே உங்களோடதை அனுப்பறேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஆபரேஷன் தேதியும் போட்டு வைக்கறேன்."

அக்காவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "அந்த டெண்டரைப் பாக்கிறதே எங்க பொண்ணுதான் டாக்டர்!" என்றாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார்.

வெளியே வந்ததும் அத்தான் நேராக லேபுக்கு நடந்தார். தன்னிடமிருந்து எடுத்ததை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஆகவேண்டுமாம். அங்கே இருந்தவருக்கு அங்கேயே மெழுகுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். தசையை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, தேவைப்படும்போது வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி எடுக்கிறவர் அவர். நல்ல மனிதர், கட்டியைக் கையில் வைத்துக் காட்டினார்.

"நோய் இருக்கிற இடம் இதுல இத்துனூண்டுதான் ஐயா. பழைய கம்பெனியா இருந்தா போதாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பான். அப்படி நிறைய திரும்பி வந்திருக்கு."

"புதுசா வர்றவன்?"

"சில லேபுல இதுல பாதி இருந்தாலே படிச்சிடறாங்க. டெண்டர்ல என்ன கேட்டிருக்காங்களோ, அதைப் பொறுத்தது."

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அத்தான் இதையெல்லாம் மகளிடம் சொன்னார், அரிசியில் கால்வாசிகூட இருக்காது என்று விரலை நெருக்கிக் காட்டினார். டெண்டரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சோறும் முட்டையும் அப்படியே இருந்தன.

"அப்பா, அந்தப் பரிசோதனையை உங்களுக்கு எழுதிட்டாங்களா?"

"இன்னிக்குத்தான் எழுதினாங்க."

அவள் தட்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். பெற்றவர்களிடம் சொல்ல முடியாததை என்னைப் பார்த்துச் சொல்வது அவள் சின்ன வயதுப் பழக்கம்.

"மாமா, தப்புப் பண்ணிட்டேன். எவ்வளவு தசை இருந்தா லேபு வாங்கிக்கணும்னு டெண்டர்ல ஒரு வரி இருக்கு. அதைப் பழைய ஒப்பந்தத்துல இருந்து அப்படியே எடுத்துப் போட்டுட்டேன். அதுக்குக் குறைஞ்சா திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கு. மெழுகுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

புது ஒப்பந்தம் எழுதும்போது பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது அந்த ஆபீஸ் வழக்கமாம். பழையதில் இருப்பதை ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவளுக்கு முன்னால் எழுதினவரும் அப்படியே நம்பி எழுதியிருப்பார். எங்கள் கடையில் யாரோ அடைத்த ஓட்டையை நம்பி வண்டியை அனுப்பினால் அத்தான் தோலை உரித்துவிடுவார். ஆபீஸில் உரிக்க ஆள் இல்லை போலிருக்கிறது.

"அவ்வளவுதானே" என்றாள் அக்கா. "நாளைக்குப் போய் அந்த வரியை அடிச்சு மாத்தி எழுது. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு."

"மாத்தலாம்மா. விலை போட்ட உறையை இன்னும் யாரும் பிரிக்கல, அதனால மாத்தலாம். ஆனா நான் மாத்தக் கூடாது."

"ஏன்?"

"என் சொந்தக்காரங்க யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையை எடுத்தேன். அன்னைக்கு அது நிஜம். இன்னைக்கு அப்பா வரிசையில நிக்கிறார். அதுவும் அந்த ஒரு வரிதான் அப்பாவை வெளிய தள்ளுது. நான் அதைத் திருத்தினா, தோத்த கம்பெனிக்காரன் நோண்டிக் கண்டுபிடிச்சு மேல எழுதிப் போடுவான். முழு டெண்டரையும் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க. ஆஸ்பத்திரிப் பெஞ்சுல காத்திருக்கிறவங்க எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து நிக்கணும்."

"சரி, திருத்தாம விட்டா?"

"விட்டா அப்பா மாதிரி சின்னத் துண்டு இருக்கிற அத்தனை பேருக்கும் 'போதாது'ன்னு திரும்பி வரும். நாளைக்கு மேடம்கிட்ட ரெண்டையும் சொல்லப் போறேன். வரி தப்பு, எங்க அப்பா நோயாளி. டெண்டரை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்கன்னு."

"வேற ஆளு எடுத்தா எவ்வளவு நாளாகும்?"

டெண்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவுக்கு அதுவே போதும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க அப்பா உடம்புக்குள்ள அது உக்காந்துக்கிட்டு இருக்குடி! நீ கையெழுத்து, கம்பெனிக்காரன்னு கதை பேசுற. பெத்த பொண்ணு கையில டெண்டர் இருக்கு, சந்தோஷம்னு நினைச்சேனே, என்னைச் சொல்லணும். யாருக்குத் தெரியப் போகுது? சொல்லு, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்மா."

"நீங்க சொல்லுங்களேன்!" என்று அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "பட்டாளத்துல வாய் கிழியக் கத்தினவர்தானே, வீட்ல மட்டும் வாயில என்ன?"

அத்தான் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் பேசினார். "அவ ஆபீஸ் அவ பாக்கட்டும். என் உடம்பை நான் பாத்துக்கறேன்."

எனக்கு அன்றைக்கு அக்கா பக்கம்தான் நியாயம் தெரிந்தது. ஒரு வரிதானே என்று நானும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் அவள் சொன்னபடியே செய்தாள். மேடம் என்று எல்லோரும் கூப்பிடுகிற அவளுடைய மேலதிகாரி முழுதும் கேட்டுவிட்டு, "முதல்லயே சொன்னியே, நல்லது" என்றாராம். அன்றைக்கே டெண்டர் அவள் மேசையிலிருந்து எழுந்து இரண்டு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தது. அங்கே இருந்தவருக்கு அத்தான் பார்க்காமலே நிதானம் என்று பெயர் வைத்தார். பெயர் அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அந்த வரியைத் திருத்தினார், சரி. ஒரு வரி தப்பென்றால் மற்ற வரிகளும் தப்பாக இருக்கலாமே என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். லேபு டாக்டர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். கம்பெனிகளுக்கு மறுபடி அவகாசம் கொடுத்தார். டெண்டரம்மா இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து படுக்கை விரிப்புக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாளாம். அவளைப் பார்த்து அந்த மனிதர்தான் கூச்சப்பட்டாராம்.

வெளியே காசு கொடுத்துச் செய்துகொள்ளலாமா என்று அக்கா ஒருநாள் விசாரித்துவிட்டு வந்தாள். விலையைக் கேட்டுவிட்டு வந்தவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகளிடமும் பேசவில்லை. அவள் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டு, "தம்பி, துணியை எடுக்கணுமாம், யாராவது கேட்டா சொல்லு" என்பாள். அவள் பதிலுக்கு, "மாமா, எடுத்து மடிச்சும் வச்சாச்சுன்னு சொல்லுங்க" என்பாள். இரண்டடி தூரத்துக்கு நான் தபால்காரன். ஒருநாள் பொறுக்க முடியாமல் "ரெண்டு பேரும் என் தலைக்கு மேலயே பேசிக்கலாமே, நான் குள்ளம்தானே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தான் மட்டும் மீசைக்குள் சிரித்தார்.

ரத்தப் பரிசோதனைக்கு அத்தானை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சு, பெஞ்சு முழுக்கப் பட்டாளத்து ஆட்கள். அங்கே பீரங்கிப் படையில் இருந்து காது மந்தமான ஒருவர் அத்தானுக்குச் சிநேகிதரானார். பீரங்கி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ரகசியம் பேசினால்கூட மாடிவரை கேட்கும். அவரும் அதே பரிசோதனைக்குத்தான் காத்திருந்தார்.

"நேத்து அறுத்தவன் ஒருத்தனைப் பாத்தேன்யா!" என்று கத்தினார். "குழந்தைக்குக் கட்டற மாதிரி கட்டி விட்டிருக்காங்க! இருமினா போதுமாம்!"

தாழ்வாரத்தில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அத்தான் சிரித்தார், ஆனால் முட்டியைப் பிடித்திருந்த கை இறுகியதை நான் கவனித்தேன். அவர் பயந்தது சாவுக்கு இல்லை, அதற்குத்தான். ரேடியேட்டரைத் தூக்க அடிவயிற்றை இறுக்கித்தானே ஆகவேண்டும், அப்போது ஒழுகினால்?

அப்போது டெண்டரம்மா கட்டுக் காகிதத்தோடு தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் வந்தாள். அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியேறிப் போனாள்.

"அது உன் பொண்ணுதானே!" என்றார் பீரங்கி. "டெண்டர் பாக்கிறவதானே! நம்ம ரெண்டு பேரையும் கொஞ்சம் முன்னால தள்ளிவிடச் சொல்லுய்யா!"

"இப்ப அவ பாக்கல. நான் இருக்கேன்னு அவளே சொல்லி விலகிட்டா."

"என்னது?"

"விலகிட்டா!" அத்தானும் கத்த வேண்டியதாயிற்று. பெஞ்சு முழுக்கத் திரும்பியது.

"அட, பிழைக்கத் தெரியாத புள்ளைய்யா!"

"ஆமா" என்றார் அத்தான். "என்னை மாதிரி." அதைச் சொன்னபோது அவர் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்ததை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

ஆபரேஷனுக்குக் குறித்த தேதி நெருங்கியது. டெண்டர் இன்னும் நிதானத்தின் கையில்தான் இருந்தது. ஒரு மத்தியானம் கடையில் அனல் தாங்கவில்லை. அத்தான் ஈயத்தை உருக்கிக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். தேதியைத் தள்ளிப் போடச் சொல்லணும்."

அக்காவின் சீப்பு நின்றது. "என்ன சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம், ரொம்ப இல்லைன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. பொறுக்கறேன்."

"அறுத்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இருப்போமே. உங்களுக்கு என்ன பிடிவாதம்? அவளுக்காகவா?"

"எனக்காக." ஈயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இங்க பாரு. ஈரக் கால்சட்டையோட தொட்டிப் பக்கத்துல நிக்கணும்னு இருந்தா நிக்கறேன். எனக்கு வெக்கமா இருக்கும், பழகிக்கறேன். ஆனா அது தேவையான்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கறேன். எதுன்னே தெரியாம நான் கத்திக்குக் கீழ போக மாட்டேன்."

"பரவிடுச்சுன்னா?"

"பரவினா பரவினதுக்கு என்ன வைத்தியமோ பண்ணுவோம். நான் ஒண்ணும் செத்துப் போறதுக்கு அவசரப்படல, உன்னை விட்டுட்டு எங்க போறது?"

அக்கா சீப்பை விட்டெறிந்தாள். தொட்டியில் விழுந்து தண்ணீர் எல்லாம் என் மேல் தெறித்தது. அந்த வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் தேதியைத் தள்ளிப் போட்டோம். டாக்டரம்மா காலண்டரைப் பார்த்துப் புதுத் தேதி எழுதி, "இதுக்கு மேல என்னால தள்ள முடியாது" என்றார்.

முதல் மழை பெய்து தெருவில் தூசி அடங்கிய வாரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்களுக்கு அதைச் சொன்னது மெழுகுக்காரர். மகள் வீட்டில் வாயே திறக்கவில்லை. சின்னத் துண்டையும் வாங்கிக்கொள்கிற லேபுக்கே கிடைத்திருந்தது. முதல் தடவை அனுப்பியதிலேயே அத்தானுடைய மெழுகுக் கட்டியும் பீரங்கியுடையதும் போயின. இதற்கு முன்னால் திரும்பி வந்து அலமாரியில் கிடந்தவையும் போனதாக மெழுகுக்காரர் சொன்னார். எந்தக் கட்டியும் திரும்பி வரவில்லை.

முடிவு வந்த அன்று முதலில் பீரங்கியைக் கூப்பிட்டார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் "அப்ப அறுக்க வேண்டாமா!" என்று ஒரு சத்தம் கதவைத் தாண்டி வந்தது. பெஞ்சில் சிலர் கை தட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்தாள். அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, உங்களோடது சும்மா கிடக்கிற வகை இல்ல. அறுத்தே ஆகணும். அதுக்கப்புறம் கதிர்வீச்சும் தேவைப்படலாம்."

அக்காதான் பேசினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"அப்ப அன்னைக்கே அறுத்திருந்தா?"

"அன்னைக்கு அறுத்திருந்தா மூத்திரம் அடக்க உதவற நரம்பைக் காப்பாத்தணும்னு ஒட்டி அறுத்திருப்பேன்மா. நோய் கொஞ்சம் உள்ளயே தங்கியிருக்கும். இப்ப அகலமா அறுக்கணும்னு எனக்குத் தெரியும். இந்தத் தாமதத்தால பெரிய வித்தியாசம் வந்திருக்காதுன்னு நினைக்கறேன். ஆனா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இனிமே தாமதிக்க வேண்டாம்."

"புதுத் தேதி அப்படியே இருக்கட்டும்" என்றார் அத்தான். "அந்தக் கட்டு, குழந்தைக் கட்டு, அது பத்தியும் இப்பவே சொல்லிடுங்க. எத்தனை நாள், என்ன பயிற்சி, எல்லாம்." டாக்டரம்மா சொல்லச் சொல்ல, வண்டிக்கு வழி கேட்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தபோது டெண்டரம்மா தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தாள். பெஞ்சுக்கு வரவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா விறுவிறுவென்று அவளை நோக்கி நடந்தாள். இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரி ஒரு சண்டை பார்க்கப் போகிறது என்று நான் பின்னாலேயே ஓடினேன். மாதக்கணக்காக அடக்கி வைத்ததெல்லாம் அக்காவின் முகத்தில் நின்றது.

"அறுக்கணுமாம்மா?" என்றாள் மகள். அம்மாவிடம் நேராக அவள் பேசி எவ்வளவோ நாளாயிற்று.

"ஆமா."

"நான் விலகினதால வந்த தாமதத்தாலயா?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அந்தச் சண்டை இன்னும் முடியல. உங்க அப்பா எழுந்து நடக்கட்டும், வீட்ல வச்சு முழுசாப் போட்டுக்கலாம்" என்றாள். "ஆபரேஷன் அன்னைக்கு லீவு போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காரு. எனக்குப் பயமா இருக்குடி."

எங்கள் அக்கா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. டெண்டரம்மா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, அத்தனை பேரும் பார்க்க, பட்டாளத்துப் பெஞ்சில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.